வாதி சேரமான், பிரதிவாதி குடவாசல்

தண்ணீர்ச் சட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் மெசபடோமியாவில் லகாஷ், உம்மா என்று இரண்டு ஊர். நடுவில் ஒரு வாய்க்கால், கொஞ்சம் வெட்டுக்குத்து, கடைசியில் ஓர் உடன்படிக்கை. உலகத்தின் முதல் தண்ணீர்த் தகராறு இதுதான் என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து நேரே அமெரிக்காவுக்கும் பின்லாந்துக்கும் போய்விடுவார்கள். நடுவில் குடவாசலில் வண்டி நிற்கும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகிற வழியில் ஒரு டீ குடிக்க இறங்கியிருந்தால்கூடப் போதும். ஒரு முழு வழக்கு, தேதி இல்லாவிட்டாலும் சாட்சியோடு, இங்கே கிடக்கிறது.

எங்கள் ஊருக்குக் குடம் ராசி. மகாப் பிரளயத்தில் மிதந்து வந்த அமுதக்குடம் உடைந்து, அதன் வாய் வந்து விழுந்த இடம் இது என்பது ஒரு கதை. தாயை மீட்பதற்காகக் கருடன் அமுதக்குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே இறங்கினார் என்பது இன்னொரு கதை. அனுமதி இல்லாமல் ஒரு லோகத்துத் தண்ணீரை இன்னொரு லோகத்துக்குக் கடத்திய அந்தப் பறவைமீது இதுவரை யாரும் வழக்குப் போடவில்லை. எப்படியோ, குடம் எங்களிடம் இருக்கிறது. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பதுதான் ஜூன் மாதத்துக் கேள்வி.

வழக்குக்கு வருகிறேன். சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானோடு மோதித் தோற்றுப் பிடிபட்டான். குடவாயில் கோட்டத்துச் சிறையில் அடைத்தார்கள். தாகம் எடுத்தது. தண்ணீர் கேட்டான். வரவில்லை. பிறகு வந்தது. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான், குடிக்கவில்லை. ஒரு பாட்டைச் சொல்லிவிட்டுச் செத்துப்போனான். பாட்டு புறநானூற்றில் 74ஆவதாக இருக்கிறது. சம்பவ அறிக்கை பாட்டுக்குக் கீழேயே குறிப்பாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதை மானத்துக்கு உதாரணமாகச் சொல்லித்தருவார்கள். மானம் சரி. அந்தச் செம்பு ஏன் தாமதமாக வந்தது என்று எந்த வாத்தியாராவது கேட்டதுண்டா? தண்ணீர் இல்லையா? இது காவிரிப் படுகை. அந்தக் காலத்தில் கையால் தோண்டினாலே ஊறியிருக்கும். கொடுக்கக்கூடாது என்று உத்தரவா? அதுவும் இல்லை, கடைசியில் கொடுத்துத்தானே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை நடந்தது இப்படித்தான் இருக்கும்:

“யாரப்பா அங்கே, தண்ணீர் கொண்டா.”

“தரமாட்டோம்னு யாருங்க மகாராஜா சொன்னா? இந்த வருஷம் எங்களுக்கே பத்தலீங்க. மேலேருந்து உத்தரவு வரட்டும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“பேச்சுவார்த்தை நடக்குதுங்க.”

இதில் உள்ள விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். இரும்பொறை வகையறா கொங்குச் சீமைக்காரர்கள். கரூருக்குப் பக்கத்தில் புகளூர்ப் பாறையில் அவர்கள் பெயர் வெட்டியே இருக்கிறது. நமக்கு எல்லா வகையிலும் மேல்மடை. ஆக மேல்மடைக்காரன் ஒருவன் கீழ்மடைக்காரனிடம் தண்ணீருக்குக் கையேந்தி நின்றது, என் கணக்கில், இந்த நதியின் சரித்திரத்தில் அந்த ஒரு தடவைதான். செம்பு நம் கையில் இருந்தது. நாம் என்ன செய்தோம்? பெங்களூரு செய்கிறது என்று வருஷம் தவறாமல் நாம் மறியல் பண்ணுகிறோமே, அதையேதான் செய்தோம். ‘இல்லை’ என்று சொல்லவில்லை. வாய்தா போட்டோம்.

செங்கணானுக்கு இது பிறவிக்குணம் என்றும் சொல்ல இடமிருக்கிறது. முன்ஜென்மத்தில் அவர் திருவானைக்காவில் சிலந்தியாக இருந்தாராம். அங்கே சுவாமி நீர் வடிவம். மறுபிறவியில், இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பிறந்தால் பிள்ளை மூவுலகம் ஆளும் என்று ஜோசியர் சொல்ல, அம்மா தலைகீழாகத் தொங்கிப் பிரசவத்தைத் தள்ளிப்போட்டாள். அதனால்தான் கண் சிவந்ததாம். பிறப்பதற்கே வாய்தா வாங்கியவர் செம்புத் தண்ணீருக்கா அவசரப்படப் போகிறார்? யானை ஏற முடியாதபடி அவர் கட்டிய மாடக்கோயில்களில் ஒன்று எங்கள் கோணேசர் கோயில் என்பார்கள். யானைக்கு வழி விடாதவர் சேரனுக்கு மட்டும் விடுவாரா?

இதே வழக்குக்கு இன்னொரு தீர்ப்பும் உண்டு. பொய்கையார் என்ற புலவர் களவழி நாற்பது பாடிச் சேரனை விடுவித்துக்கொண்டு போனார் என்கிறார்கள். ஒரு தீர்ப்பில் மனுதாரர் மரணம், இன்னொன்றில் மனுதாரர் விடுதலை. காவிரி விஷயத்தில் இதெல்லாம் சகஜம்.

நடுவில் ஒரு ஆயிரத்து ஐந்நூறு வருஷத்தைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். கரிகாலன் ஏற்கெனவே கல்லணை கட்டியிருந்தான். யாருடைய தடையில்லாச் சான்றிதழும் வாங்கவில்லை. இரண்டாம் இராசராசன் மலையை வெட்டிக் காவிரிக்கு வழிவிட்டான் என்று ஒட்டக்கூத்தர் பாடினார். அந்தக் காலத்தில் நதிநீர் ஆணையம் என்றால் கடப்பாரை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மைசூர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை போட்டார். மதுரை ராணி மங்கம்மாளும் தஞ்சாவூர் மராட்டியர் ஷாஜியும், அதுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள், சேர்ந்து படை திரட்டினார்கள். படை போய்ச் சேர்வதற்குள் பெருமழை பெய்து அணையை அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்த வழக்கில் பிறப்பிக்கப்பட்டு உடனே நிறைவேற்றப்பட்ட ஒரே தீர்ப்பு அதுதான். கொடுத்தவர் வருணபகவான்.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டினார். கொள்ளிடத்தில் வீணாகப் போனது காவிரிக்குத் திரும்பியது. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை, வயலைப் பெருக்கிக்கொண்டார்கள். மேலே மைசூரும் ஏரி குளத்தைப் பெருக்க ஆரம்பித்ததும் சென்னை ராஜதானிக்கு வயிற்றைக் கலக்கியது. 1892 பிப்ரவரியில் ஒப்பந்தம்: சென்னையின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. மகாராஜாவுக்கு மேலே ரெசிடெண்ட் துரை உட்கார்ந்திருந்த காலம். கையெழுத்து வாங்குவது கஷ்டமாக இருந்திருக்காது. கர்நாடகம் இதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறது. சொல்லிக் காட்டுவதில் நியாயமும் இருக்கிறது.

மூன்று வருஷம் கழித்து, 1895இல், உலகத்தின் மறுகோடியில் ஜட்சன் ஹார்மன் என்ற அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஒரு கருத்துரை எழுதினார். ரியோ கிராண்டே நதியை மேலே இருக்கிற அமெரிக்க விவசாயிகள் உறிஞ்சிவிட்டார்கள், கீழே எங்கள் வயல் காய்கிறது என்று மெக்சிகோ புகார் கொடுத்திருந்தது. ஹார்மன் சொன்ன பதிலின் சாரம்: என் எல்லைக்குள் ஓடுகிற தண்ணீரை நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன், கேட்க உனக்குச் சட்டமில்லை. சர்வதேசச் சட்டத்தில் இதற்கு ஹார்மன் கோட்பாடு என்று பெயர். எங்கள் பக்கத்தில் இதை வெறும் திமிர் என்போம். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவே 1906இல் மெக்சிகோவுக்கு வருஷத்துக்கு 60,000 ஏக்கர் அடி தருவதாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது, நல்லெண்ணத்தில் தருகிறேன், உரிமை என்று நினைத்துக்கொள்ளாதே என்ற பின்குறிப்போடு. பெற்ற பிள்ளையை ஹார்மன் வீட்டிலேயே கைவிட்டார்கள். மற்ற மேல்மடைக்காரர்கள் எல்லோரும் தத்தெடுத்துக்கொண்டார்கள்.

மைசூரில் அப்போது விஸ்வேஸ்வரய்யா தலைமைப் பொறியாளர். கண்ணம்பாடியில் 41.5 டி.எம்.சி. பிடிக்கிற அணை கட்டப்போகிறேன் என்று 1910இல் திட்டம் அனுப்பினார். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. டெல்டாவில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும், மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சென்னை முறைத்தது. கடைசியில் 11 டி.எம்.சி. கட்டிக்கொள் என்று பேசி முடித்தார்கள். மைசூர் சரி என்றது. பணிவாகத் தலையாட்டிவிட்டு அஸ்திவாரத்தைத் தோண்டியது. தோண்டிய அகலத்தைப் பார்த்தால், பதினொன்றுக்கு இல்லை, நாற்பத்தொன்றரைக்கு!

இந்த அஸ்திவாரத்தின்மேல் எனக்கு ஒரு பெரிய மரியாதை உண்டு. பேரூராட்சியில் தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, தூணில் கம்பியை மேலே ஆறடி நீட்டி விட்டிருப்பார்களே, ‘மாடிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று. நாடு முழுக்க நடக்கும் அந்தத் தொழிலுக்கு முன்னோடி கிருஷ்ணராஜசாகர் என்ற இந்தக் கண்ணம்பாடி அணை. நடுவில் 1912இல் விஸ்வேஸ்வரய்யா மைசூருக்கே திவான் ஆகிவிட்டார். பொறியாளராகத் தான் எழுதிய கோப்பில் திவானாகத் தானே ஒப்புதல் போடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

தகராறு நடுவரிடம் போனது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி கிரிஃபின் துரை வந்து, காவிரிக்காரர்கள் சண்டையை ஊட்டியில் உட்கார்ந்து விசாரித்தார். வெயிலில் விசாரித்தால் கோபம் வரும் என்று நினைத்திருக்கலாம். 1914 மே மாதம் தீர்ப்பு மைசூருக்குச் சாதகம். சென்னை லண்டன்வரை போய் அதை முடக்கியது. பத்து வருஷம் இழுத்து 1924 பிப்ரவரியில் ராஜி: நீ கண்ணம்பாடியை 44.8 டி.எம்.சி. கொள்ளளவுக்கு உயர்த்திக்கொள், நான் மேட்டூரில் 93.5க்குக் கட்டிக்கொள்கிறேன். சில ஷரத்துகளை ஐம்பது வருஷம் கழித்துத் திரும்பிப் பார்க்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து நாம் எங்கே இருக்கப்போகிறோம் என்று கையெழுத்துப் போட்ட துரைகள் நினைத்தார்கள். சரியாகத்தான் நினைத்தார்கள். மேட்டூர் 1934 ஆகஸ்டில் திறந்தது. கவர்னர் ஸ்டான்லி தன் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போனார். குறுவைக்கு ஜூன் 12 என்ற தேதி நமக்குச் சுபமுகூர்த்தமானது அதற்குப் பிறகுதான்.

1974 வந்தது. ஒப்பந்தம் காலாவதி என்றது கர்நாடகம். மறுபரிசீலனை என்றுதான் எழுதியிருக்கிறது, காலாவதி என்று எங்கே இருக்கிறது என்றது தமிழ்நாடு. இந்தப் பேச்சு நடக்கும்போதே மேலே ஹேமாவதி, கபினி, ஹாரங்கி என்று அணைகள் எழும்பின. அஸ்திவாரத்தின் அகலத்தை அளக்க இந்த முறை துரைகள்கூட இல்லை.

உலகம் சும்மா இருக்கவில்லை. ஏரிக்குப் பஞ்சமே இல்லாத பின்லாந்தின் தலைநகரில் 1966இல் சர்வதேசச் சட்ட வல்லுநர்கள் கூடி ஹெல்சின்கி விதிகளை எழுதினார்கள். நதி யாருக்கும் சொந்தமில்லை. மழை, மண், மக்கள்தொகை, பழைய பாத்தியதை, மாற்று வழி எல்லாம் பார்த்து நியாயமாகப் பங்கு வை. படித்தால் கண்ணில் தண்ணீர் வரும். ஆற்றில் வருமா என்பது வேறு விஷயம். எழுதியவர்கள் அரசாங்கங்கள் இல்லை, வக்கீல்கள். 1997இல் ஐ.நா. பொதுச்சபை இதையே உடன்படிக்கையாக்கி வாக்கெடுப்பு நடத்தியபோது சீனா, துருக்கி, புருண்டி மூன்றும் எதிர்த்தன. இந்தியா என்ன செய்தது என்கிறீர்களா? பாகிஸ்தானுக்கும் வங்கதேசத்துக்கும் நாம் மேல்மடை. சீனாவுக்கும் நேபாளத்துக்கும் கீழ்மடை. கையைத் தூக்கினாலும் வம்பு, தூக்காவிட்டாலும் வம்பு. வாக்களிக்காமல் உட்கார்ந்துவிட்டது. அந்த உடன்படிக்கை அமலுக்கு வரவே 2014 ஆகஸ்ட் ஆயிற்று. பதினேழு வருஷம்.

பதினேழு வருஷம் என்பது நமக்குப் பழகிய அளவு. அரசாங்கங்கள் பேசிப் பேசி மாய்ந்த நேரத்தில், 1983இல் டெல்டா விவசாயிகள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நடுவர் மன்றம் அமைத்துத் தொலையுங்கள் என்று கோர்ட் சொல்ல, 1990 ஜூனில் அமைந்தது. 1991இல் இடைக்கால உத்தரவு, 205 டி.எம்.சி. கர்நாடகம் அதை மீற அவசரச் சட்டமே போட்டது. உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1993இல் முதலமைச்சரே மெரினாவில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். குடிக்க மறுத்த சேரமானுக்குப் பிறகு தண்ணீருக்காகச் சாப்பிட மறுத்த ஆட்சியாளர். இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி. பதினேழு வருஷமாகி இருந்தது. கேட்டவர்களின் பட்டியலைப் பார்த்தால் மன்றத்தின்மேல் இரக்கம் வரும்: தமிழ்நாடு 562, கர்நாடகம் 465, கேரளா 99.8, புதுச்சேரி 9.3. கூட்டினால் 1,136. நதியில் இருப்பது 740. இருப்பதற்கு மேல் நானூறு டி.எம்.சி. வக்கீல்களின் நாவிலேயே ஊறியிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 419 என்று எழுதினார்கள். அதை அரசிதழில் ஏற்ற 2013 பிப்ரவரி வரை ஆறு வருஷம் ஆயிற்று. அச்சகத்தில் மை தீர்ந்துவிட்டதோ என்னவோ.

உச்ச நீதிமன்றத்தின் கடைசித் தீர்ப்பு 2018 பிப்ரவரி. நதி எந்த மாநிலத்துக்கும் தனிச்சொத்து இல்லை என்று சொல்லி ஹார்மனைக் காவிரியில் கரைத்தார்கள்; ஹெல்சின்கிக்கு மரியாதை செய்தார்கள். செய்துவிட்டு, நம் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் கழித்து, மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் 177.25 வந்தால் போதும் என்றார்கள். கழித்ததில் 4.75 பெங்களூருவின் குடிதண்ணீருக்கு. அதில் வாய் திறக்க முடியாது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனைக் காக்கவைத்த ஊர் எது என்று திருப்பிக் கேட்டால் குடவாசல் என்ன சொல்லும்? மீதி 10? அது உங்கள் காலுக்குக் கீழேயே நிலத்தடி நீராக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆறு வாரத்தில் ஒரு ‘ஸ்கீம்’ போடச் சொன்னது கோர்ட். ஆறு வாரம் முடிகிற சமயத்தில் மத்திய அரசு போய், ஸ்கீம் என்றால் என்ன எஜமான் என்று கேட்டது. ஒருவழியாக ஜூனில் மேலாண்மை ஆணையம் பிறந்தது. ஆகஸ்டில் மழை கொட்டி ஆறு கரைபுரண்டது. எல்லோரும் சந்தோஷப்படுவதற்குள் காட்டன் கட்டிய முக்கொம்பில் ஒன்பது மதகுகள் உடைந்து தண்ணீர் கொள்ளிடத்தில் போய்விட்டது. நூற்று எண்பத்திரண்டு வருஷம் நின்றது, தீர்ப்பு வந்த வருஷம் பார்த்து விழுந்தது.

1892, 1924, 2007, 2013, 2018: எல்லாமே பிப்ரவரி. தற்செயல்தான். ஆனால் பிப்ரவரியில் சம்பா அறுப்பு ஓடிக்கொண்டிருக்கும். மேட்டூரை ஜனவரி 28இல் மூடியிருப்பார்கள். யாருக்கும் தண்ணீர் தேவைப்படாது, யாரிடமும் பெரிதாக இருக்கவும் இருக்காது. தாராள மனசோடு கையெழுத்துப் போட அதைவிடத் தோதான மாதம் கிடையாது. காவிரிச் சட்டம் முழுக்க எவ்வளவு என்பதைப் பற்றியது. வயலுக்குத் தெரிந்தது எப்போது என்பது மட்டும்தான். மாதவாரிப் பட்டியல் போட்டார்கள், ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று தசமஸ்தானம் பிசகாமல். நாற்றங்காலில் இருக்கிற நாற்றுக்குத் தசமஸ்தானம் புரிகிறதா? 2012இல் மேட்டூர் திறந்தது செப்டம்பர் 17. 2024இல் ஜூலை 28. 2022இல் எதிர்பாராமல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அப்போது நாம் என்ன செய்தோம்? தூர்வாருகிற வேலையை முடிக்காமல் ஆற்றில் பொக்லைனோடு நின்றுகொண்டிருந்தோம்.

கர்நாடகத்தைச் சொல்லிவிட்டு நம் வீட்டுக் கதையை விட்டால் பாவம். இங்கே சோழசூடாமணி ஆறு ஓடுகிறது. பெயரைக் கேட்டால் காவிரிக்கே அக்கா என்று நினைப்பீர்கள். காவிரியின் கிளைக்குக் கிளை. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் ராத்திரி வாய்க்கால் கரையில் நடந்து பாருங்கள், சர்வதேசச் சட்டம் முழுக்க அங்கே டார்ச் லைட் வெளிச்சத்தில் நடக்கும். வைக்கோலையும் சேற்றையும் உருட்டி மடையை அடைத்துக்கொண்டு ஒருத்தன் நிற்பான்.

“ஏன் மாப்ள, மடைய அடச்சிட்டியே, கீழ நாங்க இருக்கமா இல்லையா?”

“எங்க வயலு வெடிச்சுக் கெடக்கு மாமா. எங்க வரப்போரம் ஓடுற தண்ணிய நான் பாச்சாம யாரு பாச்சுவா?”

அசல் ஹார்மன். அதே மாப்பிள்ளை, மறுநாள் தனக்கு மேலே இருக்கிறவன் அடைத்துவிட்டால், “நியாயமாப் பங்கு வெக்கணும்ல அண்ணே” என்று ஹெல்சின்கி பேசுவான். டீக்கடையில் கர்நாடகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், “பாட்டன் பூட்டன் காலத்திலேருந்து பாயுற தண்ணி” என்று 1924ஐ எடுப்பான். ஒரே ஆள். வயல் மட்டும்தான் இடம் மாறவில்லை. இந்த மூன்று சட்டத்துக்கும் மேலே லஸ்கர் கையில் மதகுச் சாவி ஒன்று இருக்கிறது. அதற்கு எந்த மாநாட்டிலும் விதி எழுதியதாகத் தெரியவில்லை.

குடவாசலைக் கடைமடை என்று நாங்களே சொல்லிக்கொள்வோம், மனு எழுதும்போது மட்டும். எங்களுக்குக் கீழே நன்னிலம் இருக்கிறது, நாகப்பட்டினம் இருக்கிறது. அவர்களைக் கேட்டால் எங்களைப் பற்றி, நாங்கள் கர்நாடகத்தைப் பற்றிச் சொல்கிற எல்லாவற்றையும் வரி மாறாமல் சொல்வார்கள். அதற்கும் கீழே கடைசிக் கடைமடையாக ஒரு பங்காளி உண்டு: வங்காள விரிகுடா. நடுவர் மன்றம் அவரை மறக்கவில்லை. 740இல் பத்து டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கு, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாக நாலு டி.எம்.சி. என்று ஒதுக்கித்தான் வைத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பை எதிர்த்துத் தமிழ்நாடு அப்பீல் போனது, கர்நாடகம் போனது, கேரளாவும் போனது. கடல் மட்டும் போகவில்லை. தன் பங்கு வராத வருஷத்தில், ஆற்று முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறி, கடலோரத்துப் போர்செட்டுகளில் உப்பைக் கலந்து, அந்த நிலத்தடி நீரை அதுவே ஜப்தி செய்துகொள்கிறது.